சைடுகார் புல்லட்டுக்கு மூன்று வகை டயர்: டோல்கேட் பக்கத்துக் கடை ஒன்றின் வேலைப்பாடு

சைடுகார் (பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு இணைக்கும் இருக்கைப் பெட்டி) பூட்டிய மோட்டார் சைக்கிளின் மூன்று சக்கரங்களுக்கும் ஒரே வகை டயர்தான் போட வேண்டுமா, சக்கரத்துக்கு ஒரு வகையாகப் போடலாமா என்று பெரிய டயர் கடைகளில் கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் அன்றைய கையிருப்பைப் பொறுத்தே அமைகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டுக்கும் காலடிப்பேட்டைக்கும் இடையே, கடற்கரைப் பக்கமாகப் பிரியும் தெரு ஒன்றில் பெயர்ப்பலகை கூட இல்லாத சிறிய டயர் கடை இருக்கிறது. என் பழைய புல்லட் 350-க்கும் அதன் சைடுகாருக்கும் அண்மையில் அங்கேதான் மூன்று டயர்களையும் மாற்றினேன். முன்னே நீளக் கோடுகள் ஓடும் ரிப் டயர், பின்னே அகலம் கூடிய, கட்டை கட்டையாகப் பிரிந்த பட்டன் டயர், சைடுகாருக்கு ஆட்டோ டயர் என்று மூன்றும் மூன்று வகை. டயர் தேர்விலும் மாட்டிய விதத்திலும் இந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் தருவேன். வேலை முடிந்த பிறகு சரிபார்ப்பதில் அவ்வளவு தர மாட்டேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புல்லட்டின் இரு சக்கரங்களுக்கும் ஆலையிலிருந்து வந்த அளவு 3.25-19; அதாவது டயரின் அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். சைடுகார் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் குழாய் வளைத்துச் செய்தது. அதற்கு ஆட்டோ ரிக்‌ஷாவின் ஹப்பும் 4.00-8 அளவுச் சக்கரமும் பொருத்தியிருக்கிறார்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டு வழக்கப்படி அது வண்டியின் இடப்புறத்தில் இருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் அதன் கூடுதல் சக்கரமும் மோட்டார் சைக்கிள் என்ற வரையறைக்குள்ளேயே அடங்கும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27)ஆம் பிரிவு சொல்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான்; 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட்டுகள் வெளிவந்ததும் இதே ஊரிலிருந்துதான். டயருக்கும் வண்டிக்கும் பேர்போன இந்த ஊரிலேயே சைடுகாருக்கு எந்த டயர் ஏற்றது என்று தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

கடையை நடத்தும் பெரியவரை அங்கே வேலை செய்யும் பையன்கள் நைனா என்று அழைக்கிறார்கள். வண்டியை ஒருமுறை சுற்றிவந்த அவர், பழைய பின் டயரின் நடுப்பகுதி மட்டும் பட்டையாகத் தேய்ந்து மொட்டையாகியிருந்ததையும், இரு ஓரங்களிலும் மேற்பரப்பு வெட்டுகள் புதிதுபோல அப்படியே இருந்ததையும் காட்டி, "பைக்கு சாயும், இது சாயாது சார். சாயாத வண்டிக்கு எதுக்கு உருண்ட டயரு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் விஷயத்தின் சாரம் இருக்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்புவதால்தான் அதன் டயர் குறுக்குவெட்டில் உருண்டையாகச் செய்யப்படுகிறது. சைடுகார் பூட்டிய வண்டி சாய்வதில்லை. ஹேண்டில்பாரை உடல் வலிமையால் திருப்பித்தான் வளைக்க வேண்டும். எனவே டயரின் ஓரங்கள் சாலையைத் தொடாமலேயே கிடக்க, நடுப்பகுதி முழுச் சுமையையும் சுமக்கிறது. சாயும் வண்டியில் டயரின் வழியே நேராகக் கீழிறங்கும் விசை, சாயாத வண்டியில் டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பக்கச்சுவர் மெலிந்த டயராக இருந்தால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே அது வளைந்து நெளிகிறது.

அந்தப் பக்கவாட்டு விசையும் மூன்று சக்கரங்களுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. இடப்புறம் திரும்பும்போது சைடுகார் சக்கரத்தின் சுமை குறைகிறது. வேகம் மிஞ்சினால் அது தரையை விட்டே எழும்பும். வலப்புறம் திரும்பும்போது அதே சக்கரத்தின் மேல் சுமை ஏறுகிறது. வேகமெடுக்கும்போது சைடுகாரின் எடை பின்னால் இழுப்பதால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். பிரேக் பிடிக்கும்போது, சைடுகாருக்குத் தனிப் பிரேக் இல்லாவிட்டால், அது முன்னே தள்ளிக்கொண்டு வண்டியை வலப்பக்கம் திருப்பும். முன் சக்கரம் திசை காட்டவும், பின் சக்கரம் இழுக்கவும் சுமக்கவும், சைடுகார் சக்கரம் துணைக்கு உருளவும் பக்கவாட்டில் தாங்கவும் வேண்டியிருக்க, மூன்றுக்கும் ஒரே மேற்பரப்பு வெட்டு எதற்கு என்பதுதான் நைனாவின் வாதம். நானும் ஏற்கெனவே அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன் என்பதால் நாங்கள் இருவரும் அதிகம் வாதிடவில்லை.

முன் சக்கரத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்தது சுற்றுவட்டமாக நீளக் கோடுகள் ஓடும் 3.25-19 ரிப் டயர். கட்டை கட்டையாகப் பிரிந்த பட்டன் டயரை முன்னே போட்டால், சாயாமல் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டைகள் தனித்தனியே வளைந்து மீள்வதால், அவை விரைவில் ரம்பப்பல் போலத் தேய்ந்து ஹேண்டில்பாரில் அதிர்வைக் கொண்டுவருகின்றன. ரிப் டயரின் தொடர்ந்த கோடுகள் பக்கவாட்டுத் தள்ளலுக்கு நின்று பிடிக்கின்றன. திருப்பும் திசையில் தயக்கமின்றிச் செல்கின்றன. ஈரமான மணலில் அதற்குப் பிடிப்புக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சைடுகார் வண்டியை மணலில் இழுப்பது பின் சக்கரத்தின் பொறுப்பு. முன் சக்கரம் சற்று வழுக்கினாலும் மூன்று சக்கர வண்டி கவிழ்ந்துவிடுவதில்லை.

பின் சக்கரத்தில்தான் நைனாவின் அனுபவம் வெளிப்பட்டது. பழைய 3.25-19 டயரில் 54 என்ற சுமைக் குறியீடு இருந்தது. அதன் பொருள் 212 கிலோ வரை தாங்கும் என்பது. புல்லட்டின் எடையில் பெரும்பகுதி, ஓட்டுநர், பின்னே அமர்பவர், சைடுகாரின் எடையில் இணைப்புக் கம்பிகள் வழியே வந்து சேரும் பங்கு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அந்த எல்லை தொலைவில் இல்லை. 3.50-19 டயரின் குறியீடு 57. அதாவது 230 கிலோ. புல்லட் 500-க்குப் பின்னே வந்த அளவு இதுவே என்பதால், மட்கார்டுக்கும் செயின் கவருக்கும் இடையே இடம் போதுமா என்ற கவலையும் பெரிதாக இல்லை; ஆயினும் அவர் மாட்டிய பின் சக்கரத்தைச் சுழற்றி, செயின் பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருப்பதைக் காட்டினார். சுற்றளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடுவதால் கியர் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது. சைடுகார் இழுக்கும் 350 சி.சி. வண்டிக்கு அது விரும்பத்தக்கதல்ல. மேம்பாலம் ஏறும்போது முன்பைவிடச் சற்று முன்னதாகவே மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பழைய புல்லட்டில் வேகமானி முன் சக்கரத்திலிருந்து இயங்குவதால் அதன் கணக்கு மாறவில்லை.

சைடுகாருக்கு ஆட்டோ டயர் என்பது பலருக்கும் மலிவான சமாளிப்பாகத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. சைடுகார் சக்கரம் வண்டியின் நேர்கோட்டுக்கு முற்றிலும் இணையாக வைக்கப்படுவதில்லை. முன்பக்கம் சற்றே உள்நோக்கி, மெக்கானிக்குகள் டோ-இன் என்று சொல்லும் நிலையில், வைத்தால்தான் வண்டி ஒருபக்கம் இழுக்காமல் நேரே போகும். இதனால் நேர்ச்சாலையிலும் அந்த டயர் இலேசாகத் தேய்த்துக்கொண்டேதான் உருள்கிறது. ஆறு ப்ளை (நூலடுக்கு) தரமுள்ள ஆட்டோ டயரின் தடித்த பக்கச்சுவர் இந்தத் தேய்ப்பைச் சலிக்காமல் தாங்குகிறது. குறை அதன் சிறிய விட்டத்தில் இருக்கிறது. 19 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் இது ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றுவதால் பேரிங்குக்கு வேலை அதிகம். பெரிய சக்கரம் தாண்டிப் போகும் குழியில் இது முழுதாக இறங்கி ஏறுகிறது. எனினும் சைடுகார் சக்கரத்துக்கு எஞ்சினோடு எந்தத் தொடர்பும் இல்லை. தன் அச்சில் தானே உருளும் சக்கரம் எந்த விட்டத்தில் இருந்தாலும் இயந்திர அமைப்புக்குக் கேடு ஒன்றும் நேர்வதில்லை.

வகை வகையாகப் போடலாம் என்று சொல்லும் அதே வாயால், எதைக் கலக்கக் கூடாது என்பதையும் நைனா கண்டிப்பாகச் சொன்னார். கலக்கக்கூடியவை மேற்பரப்பு வெட்டும் அளவும்தான், உட்கட்டுமானம் அல்ல. நாம் நைலான் டயர் என்று சொல்லும் குறுக்கடுக்கு டயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டு, பக்கச்சுவரையும் மேற்பரப்பையும் ஒரே உடலாகக் கட்டுகின்றன. ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்ல, மேற்பரப்பின் அடியில் தனிப் பட்டைகள் சுற்றிவருகின்றன. பக்கச்சுவர் அதனால் எளிதில் நெளியும். வளைவில் டயர் பார்க்கும் திசைக்கும் வண்டி உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் விழும். அந்தக் கோணம் முன்னே ஒரு விதமாகவும் பின்னே வேறு விதமாகவும் வளர்ந்தால், வண்டியின் வால் எப்போது ஒதுங்கும் என்று ஓட்டுபவரால் கணிக்க முடியாது. என் மூன்று டயர்களும் குறுக்கடுக்கு வகையே என்பதால்தான் இந்தக் கலப்பு பலிக்கிறது.

பின் சக்கரத்துக்குக் கார் டயர் போடுவது பற்றியும் கேட்டேன். வெளிநாடுகளில் சைடுகார் ஓட்டுபவர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். தட்டையான மேற்பரப்பும் நீண்ட ஆயுளும் அதற்குக் காரணம். அவர்களில் கவனமானவர்கள் சக்கரத்தையே கார் ரிம் உள்ளதாக மாற்றி விடுகிறார்கள். பைக் ரிம்மும் கார் ரிம்மும் ஒரே அங்குல எண்ணைத் தாங்கியிருந்தாலும், டயரின் கம்பி விளிம்பு அமரும் இடத்தின் வடிவம் வேறு. பைக் ரிம்மில் கார் டயரை உட்கார வைக்க அளவுமீறிக் காற்றடிக்க வேண்டிவரும், அது டயர் மாட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. 19 அங்குல புல்லட் ரிம்முக்கு ஏற்ற ஒடுக்கமான கார் டயர் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் என் விஷயத்தில் பேச்சு அதோடு முடிந்தது. இங்கிலாந்தின் அவான் நிறுவனம் சைடுகார்களுக்கென்றே டிரிபிள் டியூட்டி என்ற டயரைச் செய்தது. ரஷ்யாவின் உரால் வண்டிகளிலோ நெடுங்காலமாக மூன்று சக்கரங்களுக்கும் ஒரே 4.00-19 டயர், எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் உதிரிச் சக்கரத்தை அங்கே மாட்டிவிடலாம். என் கலப்பில் அந்த வசதி இல்லை. இரண்டு அளவில் டியூப் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

இனி மாட்டிய வேலை. கடற்காற்று வீசும் இந்தப் பகுதியில் ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் நிப்பிள்களைச் சுற்றித் துரு பிடிப்பது வழக்கம். அந்தத் துரு முனைகள்தாம் பல நேரங்களில் காரணம் தெரியாத பஞ்சராக வெளிப்படுகின்றன. இங்கே பழைய ரிம் டேப்பைக் கழற்றி எறிந்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, புதிய டேப் இட்ட பிறகே டியூபை உள்ளே வைத்தார்கள். பின் சக்கரத்தில் இருந்த சிறு கோட்டத்தையும் கேட்காமலேயே ஸ்போக்ஸ் முறுக்கி எடுத்தார்கள். சோப்பு நுரை தடவி, டயர் லிவரைச் சிறு சிறு கடியாகக் கொடுத்து ஏற்றிய விதத்தில் அவசரம் தெரியவில்லை. பையன் ஒருவன் பின் டயரின் அம்புக்குறியை எதிர்த்திசையில் வைத்தபோது, தூரத்தில் ஆட்டோ ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துக் கழற்றச் சொன்னார். பக்கச்சுவரில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களை வாங்கும் முன்பே காட்டினார்கள். சைடுகாருக்கு முதலில் எடுத்த டயர் பழையது என்று நான் சொன்னதும் முகம் சுளிக்காமல் வேறொன்றை இறக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் டோ-இன் அளந்த முறை. இரண்டு நேரான அலுமினியச் சட்டங்களைத் தரையிலிருந்து சற்று உயரத்தில், ஒன்றை வண்டியின் இரு சக்கரங்களை ஒட்டியும் மற்றொன்றை சைடுகார் சக்கரத்தை ஒட்டியும் வைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளக்க வேண்டும். முன் டயரும் பின் டயரும் ஒரே அகலமாக இருக்கும் வரை இது எளிது. இப்போது பின்னே கால் அங்குலம் அகலம் கூடியிருக்கிறது. ஆகவே பின் டயரை ஒட்டி வைத்த சட்டம் முன் டயரைத் தொடாமல் பக்கத்துக்கு 3 மி.மீ. அளவு விலகி நிற்க வேண்டும். இதை அறியாமல் சட்டத்தை முன் டயரிலும் அழுத்திப் பிடித்தால் அளவே பிழையாகும். நைனா ஒரு தகட்டுத் துண்டை முன் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிவிட்டுத்தான் அளவு நாடாவை எடுத்தார். கணினி வைத்துக் கார்களுக்கு அலைன்மென்ட் பார்க்கும் இடம் ஒன்றில் முன்னொரு முறை கேட்டபோது, மூன்று சக்கரத்துக்குத் தங்கள் இயந்திரத்தில் வழியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே 15 மி.மீ. டோ-இன் வைத்தார்கள், வண்டி கையை விட்டாலும் நேரே போகிறது.

ஆனால் வண்டியின் நிமிர்வை அவர்கள் தாமாகப் பார்க்கவில்லை என்பது என் பெரிய குறை. சைடுகார் பூட்டிய வண்டி சாலையில் செங்குத்தாக நிற்பதில்லை. சைடுகாருக்கு எதிர்ப்பக்கமாக ஒன்று அல்லது இரண்டு டிகிரி சாய்த்து வைப்பார்கள். நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்த நம் சாலைகளில் வண்டி இடப்பக்கம் நழுவாமல் இருக்க அந்தச் சாய்வு உதவுகிறது. பின் டயர் 3.25-இலிருந்து 3.50 ஆனதும் பின்பக்கம் 6 மி.மீ. உயர்கிறது, மொட்டையான டயரின் தேய்மானத்தையும் சேர்த்தால் உயர்வு இன்னும் கூடுதல். வண்டியும் சைடுகாரும் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒருபக்கம் உயரும்போது முழு அமைப்பும் சைடுகார் பக்கம் சாய்ந்து, வைத்திருந்த சாய்வில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. மேல் இணைப்புக் கம்பியின் திருகை அரைச் சுற்று திருப்பினால் சரியாகும் காரியம் இது. நான் கேட்ட பிறகு ஆளை உட்கார வைத்து, தூக்குநூல் பிடித்து, முகம் கோணாமல் செய்து கொடுத்தார்கள். இருந்தாலும் டயர் அளவை மாற்றச் சொன்ன கடை, அதன் விளைவையும் தானே பார்த்திருக்க வேண்டும். விவரம் தெரியாத ஒருவர் அப்படியே ஓட்டிச் சென்றிருந்தால், வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று டயரைத்தான் குறை சொல்லியிருப்பார்.

சாலையில் இந்தக் கலப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வட சென்னையைவிடக் கடுமையான தேர்வுக்களம் தேவையில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் தார்ச்சாலையில் அழுத்திய நீளப் பள்ளங்கள், முன் சக்கரத்தின் ரிப் டயரைப் பிடித்து இழுப்பதை உணர முடிகிறது. ரிப் டயருக்கு இது இயல்பான குணம், ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்காமல் விட்டால் தானே வெளியேறிவிடும். காசிமேட்டுப் பக்கம் மீன் தண்ணீர் வழிந்த சாலையில் பிரேக் பிடித்தபோது பின் டயர் முன்பைப் போல உடனே பூட்டிக்கொள்ளவில்லை. மணலிச் சாலையில் கனத்த மழைக்குப் பின் தேங்கிய நீரில் போகும்போது சைடுகார் சக்கரம்தான் முதலில் குழிகளைக் கண்டுபிடிக்கிறது. உள்ளே இருப்பவர் அதற்கேற்ற கருத்துகளைத் தெரிவிக்கிறார். காற்றழுத்தம் முன்னே 24, பின்னே 32, சைடுகாரில் 22 பி.எஸ்.ஐ. என்று வைத்திருக்கிறேன். சைடுகாரில் ஆள் இல்லாத நாட்களில் 22 கூட அதிகம். சக்கரம் துள்ளுகிறது, சற்று இறக்கிக்கொள்வது நல்லது. அழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். மே மாத வெயிலில் ஓட்டி வந்த கையோடு பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூலி 1,200 ரூபாய், டயரும் டியூபும் தனி. செய்த வேலைக்கு இது நியாயம். ஆனால் கையால் எழுதிக் கொடுத்த சீட்டில் டயரின் வரிசை எண்ணோ உற்பத்தி வாரமோ குறிப்பிடவில்லை. நாளை டயரில் குறை தெரிந்தால் உற்பத்தியாளரிடம் உத்தரவாதம் கேட்க அந்தச் சீட்டு போதாது. விவரத்தோடு முறையான ரசீது வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நாள் முழுவதும் ஆட்டோக்களும் மீன் வண்டிகளும் பஞ்சருக்கு வந்து நிற்பதால், நம் வண்டியின் வேலை இடையிடையே நிற்கிறது. காலையில் விட்டால் மாலையில்தான் எடுக்க முடியும். உட்கார இடம் கிடையாது. சைடுகார் வண்டியை நிறுத்தும் அளவுக்குத் தெரு அகலமாக இருந்தாலும், தண்ணீர் லாரி வந்தால் நகர்த்தியாக வேண்டும்.

அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் கொண்ட புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடையைப் பரிந்துரைக்க மாட்டேன். இயந்திரத்தில் ஏற்றி மாட்டாவிட்டால் அந்த ரிம்களில் கீறல் விழும், இங்கே லிவர் மட்டுமே இருக்கிறது. ஸ்போக்ஸ் சக்கரமுள்ள பழைய புல்லட், ஜாவா, எஸ்டி போன்ற வண்டிகளுக்கு சைடுகார் பூட்டியவர்கள் தயங்காமல் போகலாம். 3.50-19 டயர் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. இரண்டு நாள் முன்னதாக நேரில் சொல்லி வைத்தால் வரவழைத்து வைக்கிறார்கள். முன்பணம் கேட்பதில்லை. போகும்போது வழக்கமாக சைடுகாரில் அமர்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். நிமிர்வைப் பார்க்கும்போது அந்த எடை உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைப் பையன்களில் ஒருவனைத்தான் உட்கார வைப்பார்கள், அவர்கள் எல்லோரும் ஒல்லி.